முடியைக் கேலி செய்கிறார்களா? மாற வேண்டியது முடி அல்ல

லண்டன் பள்ளி ஒன்றில் படிக்கும் 12 வயதுக் கறுப்பினச் சிறுமி ஒருத்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கிளாரினெட் நன்றாக வாசிப்பாள். பள்ளி இசைக்குழுவில் முதல் வரிசையில் இடம். அவளுடைய முடி இயல்பிலேயே நெருக்கமாகச் சுருண்டு, மேல்நோக்கி எழுந்து நிற்கும்.

ஒத்திகையில் பின்வரிசைப் பையன், "உன் புதரை வெட்டினால்தான் எனக்கு முன்னால் நடப்பது தெரியும்" என்கிறான். இன்னொருத்தி பென்சிலை அவள் முடிக்குள் செருகி, விழுகிறதா என்று பார்க்கிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். இரண்டு வாரம் கழித்து ஒத்திகை நாளன்று அவளுக்கு வயிற்றுவலி வருகிறது. அதற்கடுத்த வாரமும் வருகிறது.

இது ஒரு குறிப்பிட்ட பெண்ணின் கதை இல்லை. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்ப நடப்பவற்றைச் சேர்த்துச் சொன்னது. அவள் உங்கள் மகளாகவோ மருமகளாகவோ பேத்தியாகவோ இருக்கலாம். லண்டனிலும் டொரன்டோவிலும் கலப்புத் திருமணக் குடும்பங்கள் நம்மில் நிறைய உண்டு. பென்சிலைச் செருகியது உங்கள் பிள்ளையாகவும் இருக்கலாம். இரண்டு வீட்டாரும் என்ன செய்யலாம் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

பிள்ளைகள் கேலி செய்வது சகஜம்தானே? இதை ஏன் பெரிதுபடுத்த வேண்டும்?

உயரத்தையும் கண்ணாடியையும்கூடக் கேலி செய்கிறார்கள், உண்மைதான். அதுவும் வலிக்கும். ஆனால் இந்தக் கேலி ஒரு சிறுமியோடு நிற்பதில்லை. அவளுடைய அம்மா, பாட்டி, அவள் பிறந்த இனம் எல்லாவற்றையும் சேர்த்து "நீங்கள் பார்க்க ஒழுங்காக இல்லை" என்று சொல்கிறது.

அந்தப் பென்சிலையே எடுத்துக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி 1950இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, ஒவ்வொருவரையும் இன்ன இனம் என்று பதிவு செய்தது. சந்தேகம் வந்தால் தலைமுடியில் பென்சிலைச் செருகிப் பார்ப்பார்கள். விழுந்தால் ஒரு இனம், சிக்கிக்கொண்டால் வேறு இனம். எங்கே குடியிருக்கலாம், எந்தப் பள்ளியில் படிக்கலாம் என்பதெல்லாம் அந்த முடிவைப் பொறுத்தே அமைந்தது. வகுப்பில் பென்சிலைச் செருகும் பிள்ளைக்கு இது தெரிந்திருக்காது. செருகப்படும் பிள்ளையின் வீட்டாருக்குத் தெரிந்திருக்கலாம்.

அந்த முடி ஏன் அப்படி வளர்கிறது?

முடியின் வேர் தோலுக்குள் ஒரு சிறு குழியில் இருக்கிறது. அந்தக் குழி நேராக இருந்தால் முடி நேராக வரும். வளைந்திருந்தால் சுருண்டு வரும். ஆப்பிரிக்க வம்சாவளியினர் பலருக்குக் குழி மிகவும் வளைந்திருக்கும். முடியிழையின் குறுக்குவெட்டும் வட்டமாக இல்லாமல் தட்டையான முட்டை வடிவில் இருக்கும். அதனால் இழை நெருக்கமான சுருளாக வளர்கிறது. முழுக்க மரபு வழி வருவது. பிள்ளை தேர்ந்தெடுத்த அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள்.

தலைத்தோலில் ஊறும் எண்ணெய் நேர்முடியில் நுனிவரை எளிதாக இறங்கும். சுருள்முடியில் இறங்காது. அதனால் அது சீக்கிரம் வறளும், இழுத்தால் ஒடியும். நேர்முடிக்குச் செய்வதுபோல அடிக்கடி ஷாம்பு போட்டால் இன்னும் வறளும்.

அப்படியானால் அது சுத்தமாக இருக்குமா?

பலர் மனத்தில் இருக்கும் சந்தேகம் இது. தாராளமாகச் சுத்தமாக இருக்கும். வாரம் ஒருமுறையோ பத்து நாளுக்கு ஒருமுறையோ அலசுவது இந்த முடிக்கு ஏற்ற முறை.

ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் நடப்பதைப் பாருங்கள். முடியை நனைத்து நான்கு பங்காகப் பிரித்துக் கட்டுவார்கள். ஒரு பங்கை அவிழ்த்து, கண்டிஷனர் (முடியை மென்மையாக்கும் பூச்சு) தடவி, முதலில் விரலாலும் பிறகு அகலப் பல் சீப்பாலும் சிக்கெடுப்பார்கள். சீப்பு நுனியிலிருந்து தொடங்கி மெல்ல மெல்ல வேரை நோக்கி ஏறும். வேரிலிருந்து இழுத்தால் முடி அறுந்துவிடும். பிறகு எண்ணெயோ கிரீமோ தடவிப் பின்னுவார்கள். அரை நாள் ஓடிவிடும். இரவில் முடி தலையணையில் உரசாதபடி சாட்டின் துணித் தொப்பி போட்டுக்கொண்டு தூங்குவாள்.

அத்தனை நேரம் அம்மா மடியருகே உட்கார்ந்து போட்டுக்கொண்ட பின்னலைத்தான் திங்கட்கிழமை யாரோ பிடித்து இழுக்கிறார்கள்.

நேராக்கிவிட்டால் தொல்லை தீருமே?

அன்பினாலேயே பலர் சொல்லும் யோசனை இது. இரண்டு காரணங்களால் இது நல்ல யோசனை இல்லை.

முதல் காரணம் உடல்நலம். ரிலாக்ஸர் (சுருளை நிரந்தரமாக நேராக்கும் ரசாயனப் பூச்சு) காரத்தன்மை மிகுந்தது, தலைத்தோலைப் பொசுக்கிவிடக்கூடும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட முடிவு இன்னும் யோசிக்க வைக்கிறது. ரசாயனத்தால் முடியை நேராக்கும் வழக்கமே இல்லாத பெண்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம் என்றும், அடிக்கடி நேராக்கிக்கொள்பவர்களில் 4.05 சதவீதம் என்றும் கணக்கிட்டார்கள். பூச்சுதான் காரணம் என்று இந்த ஆய்வு அடித்துச் சொல்லவில்லை. தொடர்பு இருக்கிறது என்கிறது. வளரும் பிள்ளைக்கு அதைத் தொடங்கும் முன் நிதானிக்க இதுவே போதும்.

இரண்டாவது காரணம், சீண்டல் அதோடு நிற்காது. முடி நேரானால் "பொய்முடியா?" என்று கேட்பார்கள். பிள்ளைக்கோ தப்பு தன்மீதுதான் என்பது உறுதியாகிவிடும். வளர்ந்தபின் அவளே விரும்பி நேராக்கிக்கொண்டால் அது அவள் உரிமை. பயத்தில் செய்வது வேறு.

வாத்தியம் வாசிப்பதற்கும் முடிக்கும் என்ன சம்பந்தம்?

இசைக்குழுவில் இருக்கும் பிள்ளை மேடையில் நிற்கிறாள், சீருடை போடுகிறாள், எல்லோர் பார்வையிலும் இருக்கிறாள். அங்கே எழுதிய விதியும் எழுதாத விதியும் நேர்முடியை மனத்தில் வைத்தே போடப்பட்டிருக்கும்.

கச்சேரிக்கு முன் வரும் சுற்றறிக்கையில், "பெண்கள் முடியை வாரி இறுக்கமாகக் கொண்டை போட்டு வரவும்" என்று இருக்கலாம். நேர்முடிக்கு அது ஐந்து நிமிட வேலை. நெருக்கமான சுருள்முடியை அப்படி இழுத்துக் கட்டினால் தலை வலிக்கும். அடிக்கடி செய்தால் நெற்றியோர முடி உதிரத் தொடங்கும். "முடி முகத்தையும் வாத்தியத்தையும் மறைக்காமல் இருந்தால் போதும்" என்று எழுதித் தரும்படி இசை ஆசிரியரைக் கேளுங்கள். மேடைக்குத் தேவையானது அவ்வளவுதான். எல்லாப் பிள்ளைகளுக்கும் அது பொருந்தும்.

அமெரிக்கப் பள்ளி அணிவகுப்பு இசைக்குழுக்களில் ஷாகோ (உயரமான, கெட்டியான சீருடைத் தொப்பி) போடும் வழக்கம் உண்டு. முடி முழுவதும் தொப்பிக்குள் போக வேண்டும் என்பார்கள். தலையை ஒட்டிய பின்னலோடு அளவு கொடுத்துவிட்டு, விழாவன்று முடியை விரித்துவிட்டால் தொப்பி ஏறாது. நூறு பேர் முன்னால் அவமானம். அதனால் விழாவன்று எந்த அலங்காரமோ அதே அலங்காரத்தில் அளவு கொடுக்கச் சொல்லுங்கள். பின்னல் போடுவதானால் முடிச்சு உச்சியில் வராமல் பிடரியில் முடியும்படி போட்டால் தொப்பி சரியாக உட்காரும்.

பின்வரிசைக்கு மறைக்கிறது என்ற புகாருக்கு நாற்காலியைச் சற்றே நகர்த்தி, இரண்டு தலைகளுக்கு இடையே ஒரு தலை வரும்படி அமர்த்தினால் தீர்ந்தது. உயரமான பிள்ளை முன்னால் இருந்தாலும் இதைத்தானே செய்வார்கள்?

பள்ளி விதியே அந்த முடியைக் கூடாது என்றால்?

பள்ளி விதி என்ன சொல்கிறதோ அதையே வகுப்பும் திரும்பச் சொல்லும். "ஒழுங்கான முடி மட்டுமே அனுமதி" என்று பள்ளி எழுதிவைத்தால், அவளைக் கேலி செய்பவனுக்கு அது உத்தரவாகவே ஆகிவிடுகிறது. ஆகவே முதலில் பள்ளியின் சீருடை, தோற்ற விதிகளைப் படியுங்கள். பெரும்பாலும் பள்ளி இணையதளத்திலேயே இருக்கும்.

இங்கிலாந்தில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் இனத்தின் பேரில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. வடமேற்கு லண்டனில் ஒரு பள்ளி, கார்ன்ரோ (தலைத்தோலோடு ஒட்டி வரிவரியாகப் போடும் பின்னல்) போட்டுவந்த 11 வயது மாணவனைச் சேர்க்க மறுத்தது. ரவுடிக் கும்பல்களின் அடையாளங்களைப் பள்ளிக்குள் விடக்கூடாது என்பது பள்ளி சொன்ன காரணம். அந்தப் பின்னல் தங்கள் குடும்ப வழக்கம் என்று வீட்டார் வழக்குப் போட்டார்கள். விதிவிலக்கே தராத அந்தத் தடை மறைமுக இனப் பாகுபாடு என்று 2011இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2022 அக்டோபரில் பிரிட்டனின் சமத்துவ, மனித உரிமை ஆணையம் பள்ளிகளுக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. இன அடிப்படையில் விலக்குத் தராமல் சில முடியலங்காரங்களைத் தடை செய்யும் விதிகள் சட்டத்துக்குப் புறம்பாக இருக்க வாய்ப்பு அதிகம் என்கிறது அது. ஆஃப்ரோ (சுருளை அப்படியே விரித்துவிடுவது), பின்னல்கள், கார்ன்ரோ எல்லாவற்றையும் குறிப்பிட்டே சொல்கிறது. பள்ளிக்குப் பேசப் போகும்போது இதை அச்செடுத்துக் கொண்டுபோங்கள்.

அமெரிக்காவில் எப்படி?

மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியா 2019இல் கிரவுன் சட்டம் என்ற ஒன்றை முதன்முதலில் இயற்றியது. ஒருவருடைய முடியின் இயல்பையும், பின்னல், முறுக்கு, சடைமுடி போன்ற அலங்காரங்களையும் காட்டி வேலையிலோ பள்ளியிலோ ஒதுக்கக்கூடாது என்பது அதன் சாரம். நியூயார்க், நியூஜெர்சி உட்பட இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் பின்தொடர்ந்தன. நாடு முழுவதற்குமான மசோதா 2022 மார்ச்சில் கீழவையில் நிறைவேறியது; மேலவையில் நிறைவேறவில்லை.

சட்டம் இருந்தாலும் அதன் எல்லை தெரிந்திருக்க வேண்டும். டெக்சாஸில் 2023 செப்டம்பர் 1 அன்று இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே நேரத்தில் அங்கே ஒரு பள்ளி, சடைமுடியைத் தலைமேல் கட்டிவைத்திருந்த மாணவர் ஒருவரை, அவிழ்த்தால் அனுமதித்த நீளத்தைத் தாண்டும் என்று சொல்லிப் பல மாதங்கள் வகுப்பிலிருந்து ஒதுக்கிவைத்தது. சட்டம் முடியின் இயல்பையும் அலங்காரத்தையும் காக்கிறது, நீளத்தைக் காக்கவில்லை என்று 2024 பிப்ரவரியில் நீதிபதி பள்ளிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். ஆகவே உங்கள் மாநிலத்தில் சட்டம் இருக்கிறதா, அது பள்ளிகளுக்கும் பொருந்துமா, பள்ளி காட்டும் காரணம் நீளமா வகையா என்ற மூன்றையும் பாருங்கள்.

மாநிலச் சட்டம் இல்லாவிட்டாலும் 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டம் உண்டு. மத்திய அரசின் பணம் பெறும் பள்ளியில் இனத்தின் பேரில் துன்புறுத்தல் நடந்து, பள்ளி கண்டுகொள்ளாவிட்டால், கல்வித் துறையின் குடிமை உரிமை அலுவலகத்தில் புகார் தரலாம். பொதுவாக, நடந்த நாளிலிருந்து 180 நாளுக்குள் தர வேண்டும்.

என் மகளுக்கு நடந்தது இன்றுதான் தெரிந்தது. இன்று இரவு என்ன செய்வது?

முதலில் கேளுங்கள், முழுக்கக் கேளுங்கள். "நீ என்ன செய்தாய்?", "கண்டுகொள்ளாதே" என்ற இரண்டையும் வாயிலிருந்து வரவிடாதீர்கள். முதலாவது பழியை அவள்மேல் போடும். இரண்டாவது இனிமேல் சொல்லாதே என்று அவள் காதில் விழும். "சொன்னது நல்லது. தப்பு உன்மேல் இல்லை. அடுத்து என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிப்போம்" என்றால் போதும்.

மற்ற பிள்ளையின் வீட்டுக்கு உடனே போன் போடாதீர்கள். அது பெரியவர்கள் சண்டையாக முடியும், பள்ளியும் விலகிக்கொள்ளும்.

ஒரு நோட்டு எடுத்துத் தேதி, நேரம், இடம், யார், என்ன வார்த்தை, யார் பார்த்தார்கள், எந்த ஆசிரியரிடம் சொன்னாள், அவர் என்ன செய்தார் என்று எழுதிவையுங்கள். கேலி வார்த்தையை நாகரிகம் பார்த்து மாற்றாமல் சொன்னபடியே எழுதுங்கள். வாட்ஸ்அப் குழுவில் வந்திருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அழிக்க வேண்டாம், பதிலும் போட வேண்டாம்.

பள்ளிக்கு என்ன எழுதுவது?

நேரில் பேசலாம். ஆனால் பேசியதையும் பிறகு எழுத்தில் அனுப்பிவையுங்கள். எழுத்தில் இல்லாதது நடக்காததாகிவிடும். கடிதம் இப்படிச் சுருக்கமாக இருக்கலாம்:

"எங்கள் மகளின் இயல்பான முடியை இசைக்குழு ஒத்திகையில் தொடர்ந்து மூன்று வாரமாகக் கேலி செய்திருக்கிறார்கள். அனுமதியின்றித் தொட்டிருக்கிறார்கள், பென்சிலைச் செருகியிருக்கிறார்கள். தேதிகளும் சொன்ன வார்த்தைகளும் இணைப்பில் உள்ளன. இதை இனம் சார்ந்த துன்புறுத்தலாகப் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறோம். யார் பொறுப்பில், எந்தத் தேதிக்குள், என்ன நடவடிக்கை எடுக்கப்படும் என்பதை எழுத்தில் தெரிவிக்கவும். அதுவரை ஒத்திகை அறையில் ஓர் ஆசிரியர் முழு நேரமும் இருக்க ஏற்பாடு செய்யவும்."

"இனம் சார்ந்த" என்ற சொல்லை விடாதீர்கள். "பிள்ளைகளுக்குள் சின்ன மனஸ்தாபம்" என்று பள்ளி எழுதினால், திருத்தி எழுதச் சொல்லுங்கள். எந்தத் தலைப்பில் பதிவாகிறதோ அதைப் பொறுத்துத்தான் பள்ளியின் கடமையும் அமையும்.

பதில் வராவிட்டால்?

இங்கிலாந்தில் முதலில் வகுப்புப் பொறுப்பாளர், பிறகு தலைமையாசிரியர், அதன்பின் முறைப்படியான புகாராக ஆளுநர் குழு (பள்ளியை மேற்பார்க்கும் நிர்வாகக் குழு) என்று படிப்படியாகப் போக வேண்டும். புல்லிங் (ஒருவரையே குறிவைத்துத் திரும்பத் திரும்பத் துன்புறுத்துவது) நடக்காமல் தடுக்க வழிமுறை வகுப்பது அரசுப் பள்ளித் தலைமையாசிரியரின் கடமை என்று 2006ஆம் ஆண்டின் கல்வி, ஆய்வுச் சட்டம் சொல்கிறது. தனியார் பள்ளிகளுக்கும் வேறு விதிகளின் வழியாக இந்தப் பொறுப்பு உண்டு.

சமத்துவச் சட்டம் ஒரு மாணவர் இன்னொரு மாணவரிடம் நடந்துகொள்வதை நேரடியாகக் கையாளாது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் மற்ற சீண்டல்களுக்கு நடவடிக்கை எடுக்கும் பள்ளி, இனச் சீண்டலை மட்டும் லேசாக விட்டால் அது பள்ளி செய்த பாகுபாடாகலாம். நீதிமன்றம் போவதானால், பாகுபாடு நடந்த நாளிலிருந்து 6 மாதம் முடியும் முன் போக வேண்டும். அதனால்தான் நோட்டில் தேதி முக்கியம்.

பிள்ளையே யாரிடமாவது பேச விரும்பினால் பிரிட்டனில் சைல்ட்லைன் 0800 1111. கட்டணம் கிடையாது.

அந்த நேரத்தில் அவள் என்ன பதில் சொல்லலாம்?

சுடச்சுடப் பதிலடி எல்லாப் பிள்ளைகளுக்கும் வராது, வர வேண்டியதும் இல்லை. இரண்டு மூன்று சின்ன வாக்கியங்களை வீட்டில் சொல்லிப் பழகினால் போதும். "என் முடியைத் தொடாதே." "அதில் சிரிக்க ஒன்றும் இல்லை." "மறுபடி செய்தால் ஆசிரியரிடம் சொல்வேன்." சத்தமாக, நேராகப் பார்த்து, ஒருமுறை. பிறகு இடத்தைவிட்டு விலகலாம்.

கையை நீட்டி அடிக்கக்கூடாது என்பதையும் சொல்லிவையுங்கள். அடித்தால் கதை அந்த அடியைப் பற்றியதாகிவிடும்.

இசையையே விட்டுவிடுகிறேன் என்கிறாளே?

"விடாதே" என்று வற்புறுத்தவும் வேண்டாம், உடனே பெயரை எடுத்துவிடவும் வேண்டாம். அவள் வெறுப்பது வாசிப்பையா, அந்த அறையையா என்று கேளுங்கள். பெரும்பாலும் அறைதான். பள்ளி நடவடிக்கை எடுக்கும்வரை அவள் வேறு இடத்தில் வாசிக்க வழி தேடுங்கள்: ஊர் இளைஞர் இசைக்குழு, வாரயிறுதி இசைப் பள்ளி, வீட்டில் தனிப் பாடம். ஆனால் பள்ளிக் குழுவிலிருந்து விலக வேண்டியது சீண்டப்பட்டவள் என்ற தீர்வைப் பள்ளி சொன்னால் ஏற்காதீர்கள்.

தன்னைப் போன்றவர்கள் மேடையில் இருப்பதைக் காட்டுங்கள். ஜாஸ் கலைஞர் எஸ்பெரான்சா ஸ்பால்டிங் பெரிய ஆஃப்ரோவோடு பேஸ் வாசித்துப் பாடுபவர். 2011இல் சிறந்த புதுமுகத்துக்கான கிராமி விருதை, ஜஸ்டின் பீபர் போட்டியில் இருந்த ஆண்டில், வாங்கினார். லண்டனில் சீ-சீ நுவானோக்கு 2015இல் தொடங்கிய சினெகே! இசைக்குழுவில் பெரும்பாலும் கறுப்பின, பிற இனச் சிறுபான்மைக் கலைஞர்களே மேற்கத்திய செவ்வியல் இசை வாசிக்கிறார்கள். இளையோர் பிரிவும் உண்டு. பாடகி சொலாஞ்ச் 2016இல் வெளியிட்ட 'டோன்ட் டச் மை ஹேர்' பாட்டு இதே பிரச்சினையைப் பற்றியது. சற்றுப் பெரிய பிள்ளையானால் சேர்ந்து கேளுங்கள்.

பிள்ளைகளாலேயே விதி அசைந்ததும் உண்டு. 2016 ஆகஸ்டில் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளி மாணவிகள் பள்ளியின் முடி விதியை எதிர்த்து, ஆஃப்ரோ முடியோடு போராட்டத்தில் இறங்கினார்கள். 13 வயது சுலைகா பட்டேல் கையை உயர்த்தி நின்ற படம் உலகமெங்கும் போனது. மாகாண அரசு தலையிட்டு, அந்த முடி விதியை நிறுத்திவைக்கச் சொன்னது.

கேலி செய்தது என் பிள்ளை என்று பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால்?

நமக்குக் கஷ்டமான கேள்வி இதுதான். "என் பிள்ளை அப்படிச் செய்யாது" என்று தொடங்காதீர்கள். நடந்ததைக் கேட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்து பிள்ளையிடம் தனியாகக் கேளுங்கள்.

வீட்டுப் பேச்சையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். பரட்டைத் தலை என்கிறோம். கறுப்பினத்தவரைக் "காப்பிலி" என்று சாப்பாட்டு மேசையில் சாதாரணமாகச் சொல்லும் வீடுகள் உண்டு. வெயிலில் நிற்காதே, கறுத்துவிடுவாய் என்கிறோம். பிள்ளை வகுப்பில் அதைத்தான் ஆங்கிலத்தில் சொல்லியிருக்கும். பிள்ளையைத் திருத்த நினைத்தால் அந்த வார்த்தைகளை முதலில் நாம் நிறுத்த வேண்டும்.

மன்னிப்புக் கேட்க வைப்பதானால், தான் செய்தது என்ன என்று சொல்லிக் கேட்க வேண்டும்: "உன் முடியில் பென்சில் செருகியது தப்பு. இனி தொடமாட்டேன்." "நீ வருத்தப்பட்டிருந்தால் சாரி" என்பது மன்னிப்பாகாது. அந்தச் சிறுமி மன்னிக்காவிட்டாலும் அவளை வற்புறுத்தக்கூடாது.

ஆசையாகத் தொட்டுப் பார்ப்பதும் தப்பா?

கேட்காமல் தொடுவது தப்பு. பத்துப் பேர் முன்னால், "தொட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்பதும் அவளை இக்கட்டில் நிறுத்தும், முடியாது என்றால் திமிர் என்பார்கள். "நல்லா இருக்கே" என்று வாயால் சொல்லலாம். அது போதும்.

நம் பாட்டு, நடன வகுப்புகளுக்கு இது பொருந்துமா?

பொருந்தும். லண்டனிலும் டொரன்டோவிலும் பரதநாட்டியம், வீணை, மிருதங்கம் கற்கும் கலப்புக் குடும்பப் பிள்ளைகள் இருக்கிறார்கள். எண்ணெய் வைத்துப் படியவாரி, நடுவகிடு எடுத்து, சவுரி சேர்த்து நீளப் பின்னல் என்பது நம் மேடை வழக்கம். நெருக்கமான சுருள்முடிக்குக் கார்ன்ரோ போட்டு, அதன் முடிவில் சவுரியைச் சேர்த்துப் பின்னலாம். பூவும் நிற்கும், நகையும் நிற்கும். ஆசிரியர் ஒரு மாதம் முன்பே தாயிடம், "எது வசதி?" என்று கேட்டால், அரங்கேற்றத்தன்று கண்ணாடி முன் அழுகை இருக்காது.

தமிழ்நாட்டில் இருக்கும் எனக்கு இதனால் என்ன?

இங்கேயும் சுருட்டை முடிப் பிள்ளைகளுக்குப் பட்டப்பெயர் உண்டு. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, பள்ளியில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. ஆசிரியரே முடியைச் சொல்லி அவமானப்படுத்தினால் அதைக் காட்டிப் புகார் தரலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

புகார் கொடுத்தால் பிள்ளையைப் பழிவாங்க மாட்டார்களா?

இந்தப் பயத்தில்தான் பாதிப் பெற்றோர் பேசாமல் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் இதற்கும் சட்டம் வழி செய்திருக்கிறது. பாகுபாடு பற்றி நல்லெண்ணத்தோடு புகார் செய்ததற்காக, புகார் செய்தவரை மட்டுமல்ல, பெற்றோர் புகார் செய்தார்கள் என்பதற்காகப் பிள்ளையையும் பள்ளி மோசமாக நடத்தக்கூடாது. சமத்துவச் சட்டத்தில் அதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. புகாருக்குப் பிறகு முதல் வரிசையிலிருந்து அவளைப் பின்னுக்குத் தள்ளினாலோ, கச்சேரிப் பட்டியலில் பெயர் விடுபட்டாலோ, காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தத் தேதியையும் அதே நோட்டில் எழுதுங்கள்.